எச்சில் பெட்டியுடன் ஏற்காடு

என் மனைவி சுகந்தி மரபணு ஆராய்ச்சியாளர். அவளுடைய ஆராய்ச்சி அவளைப் பல தேசங்களுக்கு அனுப்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் விமான நிலையம் வரை போய்க் கையாட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பி மோர் சாதம் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வேன். ஒரு தடவையாவது என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிச் சொல்லியே வங்கியில் எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. இந்த வருடம் ஒருவழியாக மனம் இரங்கினாள். ஏற்காடு என்றாள்.

அதுகூட ஆசைப்பட்டுக் கூப்பிட்டதல்ல. வழக்கமாக அவளோடு போகும் மாணவி கால் சுளுக்கிப் படுத்துவிட்டாள். ஐஸ் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "உங்களுக்கு வீட்டில என்ன வெட்டி முறிக்கிற வேலை?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தப் பெட்டி என் மடியில்தான். மேலே வைக்கக் கூடாது, கீழே வைக்கக் கூடாது, சாய்க்கவும் கூடாது என்று உத்தரவு. பக்கத்து இருக்கையில் காலிக் காய்கறிக் கூடையோடு ஒரு பெரியவர் இருந்தார். முதல் கொண்டை ஊசி வளைவு வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க சார், பொட்டியில மீனுங்களா?"

"இல்லீங்க."

"ஐஸ்கிரீமுங்களா?"

"இப்ப வெறும் பெட்டிதான். திரும்பி வரும்போது எச்சில் இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் இரண்டு வளைவு போனதும் மெதுவாகக் கேட்டார்: "யாரோடதுங்க?"

இன்னும் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த நிறுத்தத்தில் முன்னால் ஓர் இடம் காலியானது. போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏறும் வழியில் சுகந்தி எனக்குத் தலைசுற்றலைப் பற்றி விளக்கினாள். காதுக்குள் வளைந்த குழாய்கள் இருக்கின்றனவாம். அதிலுள்ள நீர் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பிவிடுகிறதாம். விளக்கம் தெளிவாகவே இருந்தது. முடிப்பதற்குள் அவளுக்கே வாந்தி வந்துவிட்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் அதே முகத்தோடு ஒரு கவரை நீட்டிவிட்டுப் போனார்.

நான் கும்பகோணத்துக்காரன். எங்கள் ஊரில் ஏறுவதற்கு மாடிப்படி மட்டும்தான் உண்டு. குளிர் என்பது மார்கழியில் பத்து நாள் வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதை மூடிக்கொண்டு நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். சுற்றிலும் காப்பித் தோட்டம், கடைக்காரர் போட்டுக் கொடுத்ததோ பாக்கெட் பொடியைக் கரைத்த ஒரு திரவம். "இங்க வெளையறதெல்லாம் வெளியூருக்குப் போயிருதுங்க" என்றார். அடுத்த தடவை டீயே கேட்டேன்.

அன்று மாலை ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே எதற்காக வந்திருக்கிறோம் என்று சுகந்தி சொன்னாள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன. தின்பதை எரித்துச் சக்தியாக்குவது அவைதான். அந்த அடுப்புகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் மரபணு உண்டு. அது பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். அப்பாவுக்கு அதில் பங்கே கிடையாது. அம்மா தன் மகனுக்கும் கொடுப்பாள், மகளுக்கும் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும். மகள் மட்டும் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அதில் ஏதாவது பிசகினால் சிலருக்குத் தசை தளரும், சிலருக்குப் பார்வை போகும்.

"இங்க பக்கத்துல வாழவந்தியில ஒரு குடும்பம் இருக்கு" என்றாள். "அவங்களுக்கு இருக்கிற பிசகு வேற மாதிரி. சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது, காது நல்லாவே கேக்கும். ஜென்டாமைசின், அமிக்காசின்னு ஒரு வகை ஊசி இருக்கு. அதைப் போட்டா காது போயிடும். சிலருக்கு ஒரு ஊசியே போதும். போனது திரும்ப வராது."

"அப்புறம் ஏன் அதைப் போடறாங்க?"

"மத்தவங்களுக்கு அது உயிர் காக்கிற மருந்து. இவங்களுக்கு வேற மருந்து போடலாம், எத்தனையோ இருக்கு. இந்த மாதிரி இருக்குன்னு முன்னாடியே தெரியணும், அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? சுலபம்" என்றேன்.

"நாளைக்கு வந்து பாருங்க எவ்வளவு சுலபம்னு" என்று கடைசி பஜ்ஜியை அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் தங்கராசு காப்பியும் ஆரஞ்சும் போட்டிருக்கும் விவசாயி. மனைவி மல்லிகா. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரம்யாவுக்கு நான்கு வயது, தம்பி கைக்குழந்தை என்று இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் இருவருக்கும் கடுமையான காய்ச்சல். ஊசி போட்டுப் பிழைத்தார்கள். காய்ச்சல் போனது, கூடவே காதும் போனது. ரம்யாவுக்கு இப்போது பதினைந்து வயது, தம்பி சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். போன வருடம் சுகந்தி நான்கு பேரிடமும் எச்சில் வாங்கிப் போயிருந்தாள். முடிவு வந்துவிட்டது. மல்லிகாவிடம் அந்த மாற்றம் இருக்கிறது. அவளிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லவும், மல்லிகாவின் அம்மா வழியில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து எச்சரிக்கவும்தான் இந்தப் பயணம்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மல்லிகாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க சார். எங்கூட்டுக் கொழம்புல உப்புப் பத்தலைன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றாள். உப்பு சரியாகவே இருந்தது.

மறுநாள் காலை ஷேர் ஜீப்பில் வாழவந்தி போனோம். என் காலடியில் ஒரு உர மூட்டை, தோளில் யாருடைய தூக்கமோ. இறங்கி மேடேறிப் போனால் தங்கராசு வீட்டுக் களத்தில் சாமியானா போட்டிருக்கிறது. காப்பிக்கொட்டை காயவைக்கும் களம் முழுக்க ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு கல்யாணக் கூட்டம். ஒரு மூலையில் பெரிய அண்டாவில் சோறு கொதிக்கிறது.

"ரிசல்ட்டோட வர்றேன்னு டாக்டரம்மா போன்ல சொன்னீங்கல்லங்க" என்றார் தங்கராசு. மெலிந்த மனிதர், முகமெல்லாம் சிரிப்பு. "எங்க பங்காளிங்க அத்தன பேரையும் வரச்சொல்லிட்டனுங்க. ஒருத்தர் பாக்கியில்ல."

சுகந்தி கூட்டத்தைப் பார்த்தாள். "மல்லிகாவோட அம்மா வீட்டு ஆளுங்க வந்திருக்காங்களா?"

"அவிங்க எதுக்குங்க? சங்கதி எங்க குலத்துதுங்களே."

அவர்கள் கணக்கு அப்படி. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் காது போனால் அது அந்தக் குலத்தின் குறை. தங்கராசுவின் தாத்தா குலசாமிக்கு நேர்ந்துகொண்ட எதையோ செய்யாமல் விட்டுவிட்டார் என்று பேச்சு. குற்றம் பங்காளிகள் எல்லோருக்கும் பொது, அதனால் மருத்துவம் பார்ப்பதும் பொது. மனைவியின் அக்கா தங்கைகள் வேறு வீட்டுக்குப் போய்விட்டவர்கள், அவர்களை எதற்காக இதில் இழுக்க வேண்டும்?

"இத்தனை பேர்ல ஒருத்தர்கூட எனக்கு வேண்டியவங்க இல்லை" என்று சுகந்தி என் காதில் சொன்னாள்.

"அதைச் சொல்லிடு."

"மல்லிகாகிட்டத் தனியாச் சொல்லாம ஊரைக் கூட்டி வச்சுச் சொல்ல முடியாதுங்க. அது அவங்க சங்கதி. நீங்க இவங்களைப் பார்த்துக்குங்க" என்று தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையற்கட்டுக்குள் போய்விட்டாள்.

என்னத்தைப் பார்த்துக்கொள்வது? சம்பந்தமில்லாதவர்களின் மாதிரியும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. மூடி போட்ட குழாய்களை எடுத்து நீட்டி, இதில் கொஞ்சம் எச்சில் துப்பித் தர வேண்டும் என்றேன்.

தங்கராசுவின் அண்ணன் பெரியசாமி எழுந்தார். வெள்ளை மீசை, தோளில் துண்டு. "ஏனுங்க, ரத்தம் வேணும்னா எத்தன வேணும்னாலும் எடுத்துக்குங்க. வந்த விருந்தாளி கையில எச்சிலத் துப்பிக் குடுக்கறதுங்களா? எங்களுக்கு அந்தப் பழக்கமில்லீங்க."

அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டில் தம்ளரைத் தூக்கிக் குடிக்காவிட்டால் முதுகில் அடி விழும். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒவ்வொருவராக வீட்டுக்குப் பின்னால் போய் மறைவில் துப்பி, மூடியைத் திருகி, குழாயைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓர் அம்மா குழாயை வெற்றிலையில் சுற்றிக் கொடுத்தார்.

இன்னொரு சிக்கல், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் துப்ப வேண்டும். இங்கே பந்தி நிற்கவே இல்லை. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கொள்ளு ரசம். துப்ப வேண்டியவர்கள் சாப்பிட உட்கார, சாப்பிட்டவர்கள் துப்பக் கிளம்ப, நான் இரு தரப்பையும் தடுத்துக்கொண்டு நின்றேன். நடுவில் நானும் ஒரு பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். சாமைச் சோறு எனக்குப் புதிது. மூன்றாம் தடவை போட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரம்யா இதையெல்லாம் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்ததும் தன் வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு பெரிய வட்டம் போட்டு, என் நடையை அப்படியே நடந்து காட்டினாள். களமே சிரித்தது.

சுகந்தி வெளியே வந்தபோது அவள் முகம் சரியில்லை. ஒன்றும் நடக்காததுபோலக் காதுப் பரிசோதனைக் கருவியை எடுத்து எல்லோருக்கும் பார்த்தாள். பெரியசாமிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்டது.

"பார்த்தீங்களா, எனக்கும் இருக்குது" என்று அவர் கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்தார்.

"அது வயசுங்க" என்றாள் சுகந்தி.

"வயசெல்லாம் இல்லீங்க. குலக்குத்தம். எங்கப்பனுக்கும் எழுவதுக்கு மேல கேக்கல." எவ்வளவு சொல்லியும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

முடிவை நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்று சுகந்தி அறிவித்தாள். யாருக்கும் வருத்தமில்லை. நாளைக்கும் பந்தி உண்டு என்று அர்த்தம்.

ஏற்காட்டுக்குத் திரும்பும்போதுதான் சமையற்கட்டில் நடந்ததைச் சொன்னாள். மல்லிகா குழம்பைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பிறகு, "அப்ப அவரு குலத்துல ஒண்ணுமே இல்லீங்களா?" என்றாளாம். இல்லை என்றாள் சுகந்தி. "எங்கிட்டயிருந்துதானுங்களா?"

"உங்க தப்பு எதுவும் இல்லை மல்லிகா. இது யாரும் செஞ்சதில்லை."

"நீங்க சொல்றீங்க டாக்டரம்மா. வெளிய உக்காந்திருக்கறவங்க சொல்லோணுமில்லீங்களா?"

மல்லிகாவுக்கு ஒரே அக்கா, செல்வி. மஞ்சக்குட்டையில் வாழ்க்கைப்பட்டவள். செல்வியின் மகள் பூங்கொடி கல்யாணமாகி மலையடிவாரத்துக் குப்பனூரில் இருக்கிறாள். நிறைமாதம். இன்றோ நாளையோ என்று செல்வியும் மலையை விட்டு இறங்கி மகளோடு தங்கியிருக்கிறாள். மல்லிகாவுக்கு வந்த அதே மாற்றம் அம்மா வழியாக அக்காவுக்கும், அக்கா வழியாகப் பூங்கொடிக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் போயிருக்கும். இன்றைக்கே அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சுகந்தி கேட்டிருக்கிறாள்.

"பூங்கொடி மாமியாரு நொம்ப ஒரு மாதிரிங்க" என்றாளாம் மல்லிகா. "இப்பப் போயிச் சொன்னா, கொற இருக்கற புள்ளயக் கட்டி வெச்சுட்டீங்கன்னு பேசுவாங்க. புள்ள பொறந்து ஊட்டுக்கு வரட்டுங்க. நானே நேர்ல போயி, அக்கா காதுல மட்டும் பக்குவமாச் சொல்லிப்போடறேன். எங்கூட்டுலயும் அதுக்கப்பறம் சொல்லிக்கலாமுங்க."

லாட்ஜில் சுகந்தி சாப்பிடவில்லை. அவளுடைய பரோட்டாவும் ஆறி வீணாகுமே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"நீயே அந்த செல்விக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா என்ன?"

"முடியாதுங்க. அவங்க சம்மதம் இல்லாம அவங்க ரிசல்ட்டை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாது."

"பொறந்த குழந்தைக்கு யார் ஊசி போடப்போறாங்க?"

"பொறந்த குழந்தைக்குக் காய்ச்சல்னா முதல்ல போடறதே அந்த வகை ஊசிதான்" என்றாள். அதன்பிறகு எனக்கும் பரோட்டா இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வாழவந்திக்குப் போகும் வழியில் ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்தார். ஹாரன் அடித்துப் பார்க்கலாமே என்றேன். "அடிச்சா அது திரும்பிப் பாக்குமுங்க" என்றார். அது திரும்பிப் பார்ப்பதை நானும் விரும்பவில்லை. எங்கள் ஊரில் கோயில் யானைகூட வாழைப்பழத்தைக் காட்டினால் நகர்ந்துவிடும். இதற்கு எதைக் காட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சுகந்தி கடிகாரத்தைப் பார்ப்பதும் எருமையைப் பார்ப்பதுமாக இருந்தாள். அதுவாக மனம் வந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கியபோது டிரைவருடைய டீ தீர்ந்திருந்தது.

களத்தில் கூட்டம் நேற்றைவிட அதிகம். பந்தி ஆரம்பித்திருந்தது, தங்கராசு ரச வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் போன் சிக்னல் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். களத்து ஓரத்தில் கொய்யா மரத்தடி. அதனால் அந்த வீட்டில் யார் யாரோடு என்ன பேசினாலும் களத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மல்லிகாவின் போன் அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். பக்கத்திலேயே நானும் சுகந்தியும் நின்றிருந்தோம்.

அக்கா செல்விதான். நேற்று சாயங்காலமே பூங்கொடிக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. மல்லிகா சிரித்துக்கொண்டே எங்களிடம் "பையனுங்க" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது.

"காய்ச்சலா? எப்பயிருந்து? கண்ணாடி ரூம்லயா... என்ன ஊசிக்கா? பேரு என்ன? சரி, தெரியலைன்னா அந்த டாக்டரு பக்கத்துல இருக்கறாங்களா?"

சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். மல்லிகா திரும்பிப் பந்தியைப் பார்த்தாள். பெரியசாமி ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த ஊசிய நிறுத்தச் சொல்லு" என்றாள் மெதுவாக. பிறகு, "கேக்கலையா? நிறுத்தச் சொல்லுக்கா. நம்ம அம்மா வழியில..." மறுபடி எதிர்முனையில் கேட்கவில்லை. மழை மேகம் இறங்கியிருந்தது, லைன் விட்டு விட்டு வந்தது. மல்லிகா போனை வாய்க்கு முன்னால் கொண்டுவந்தாள். மலைக்கு அந்தப்பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள்.

"அக்கா, நல்லாக் கேளு. காது போற சங்கதி நம்ம அம்மா வழியில இருக்குது. எங்கிட்டயிருந்துதான் எம்புள்ளைங்களுக்கு வந்துது. உங்கிட்டயும் இருக்கும், பூங்கொடிகிட்டயும் இருக்கும், பொறந்த புள்ளைக்கும் இருக்கும். அந்த ஊசி போட்டா கேக்காமப் போயிரும். ஏன்னு கேக்கறியா? எங்கிட்டயிருந்துக்கா. எங்கிட்டயிருந்து. அவரு குலத்துல ஒண்ணுமில்ல."

பாதிதான் கேட்டது போலிருக்கிறது. எல்லாவற்றையும் இன்னொரு தடவை, முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னாள். பிறகு போனைச் சுகந்தியிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் டியூட்டி டாக்டர் வந்தார். மருந்தின் பெயரைக் கேட்டதும் சுகந்தி கண்ணை மூடித் திறந்தாள். காலையில் ஒரு ஊசி போட்டாகிவிட்டது. காரணத்தைச் சொல்லி, மாற்று மருந்தின் பெயரையும் சொன்னாள்.

பந்தியில் ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. ரம்யா அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழுதும் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பெரியசாமியின் மனைவிதான் முதலில் பேசினார். "அப்ப இத்தன வருசமா நம்ம சாமியக் கொற சொல்லிக்கிட்டிருந்தோம். எல்லாம் இவ கொண்டாந்ததுதானா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விருந்தாளி என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மல்லிகா தலை குனியவில்லை. தங்கராசு ரச வாளியைக் கீழே வைத்தார். மேல்துண்டால் கையைத் துடைத்தார்.

"ஜீப்புல ஏறுங்க, போலாம்" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. காப்பி மூட்டை ஏற்றும் அவருடைய ஜீப்பில் மல்லிகா, ரம்யா, சுகந்தி, பெட்டியோடு நான் என்று எல்லோரும் ஏறிவிட்டோம்.

குப்பனூர் ரோடு சேலம் ரோட்டைப்போலக் கூட்டமில்லாதது. இருபுறமும் அழகான இடம் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. முன் இருக்கையில் இருந்ததால் தங்கராசுவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் வளைவில் இறங்கும்போது கியரை மாற்றினார்.

"அப்ப சாமிக்கு நான் வெட்டுன கெடாவெல்லாம் எதுக்குங்க டாக்டரம்மா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க" என்றாள் சுகந்தி பின்னாலிருந்து.

இன்னும் சில வளைவுகள் போயின. "ஊசி போடலாம்னு தூக்கிட்டுப் போனது நானுங்க. இவ கசாயம் வெச்சுப் பாக்கலாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கல."

"தூக்கிட்டுப் போகலைன்னா புள்ளைங்களே இருந்திருக்காது" என்றாள் மல்லிகா. குரலில் கோபம் இருந்தது. "இதையெல்லாம் இப்ப எதுக்குப் பேசறீங்க? ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அடிவாரம் வந்ததும் காற்று சுட்டது. சுகந்திக்கு அன்று வாந்தி வரவில்லை.

ஆஸ்பத்திரி சின்னதுதான். டியூட்டி டாக்டர் எங்கள் மகள் வயதுள்ள ஒரு பெண். சுகந்தி போனில் சொன்னதும் சாயங்கால ஊசியை நிறுத்தி மருந்தை மாற்றியிருந்தார். குழந்தை காய்ச்சல் தணிந்து, கண்ணாடி அறையிலிருந்து பூங்கொடியின் பக்கத்துக்கு வந்திருந்தான். கையில் பிளாஸ்திரி, தலையில் குல்லாய். பூங்கொடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே செல்வி, சற்றுத் தள்ளிக் கையில் தூக்குச்சட்டியோடு மாமியார். எங்களை யாரும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

சுகந்தி கருவியை எடுத்து அதன் சின்ன முனையைக் குழந்தையின் காதில் வைத்தாள். வாழவந்தியில் அத்தனை பங்காளிகளுக்கும் வைத்த அதே கருவிதான். அப்போது நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அதன் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. மறுகாதில் வைத்தாள். அதுவும் பச்சை.

"இப்போதைக்கு நல்லாக் கேக்குது" என்றாள். "ஆனா ஒரு ஊசி உள்ள போயிருக்கு. மூணு மாசம் கழிச்சு நான் வந்து மறுபடி பார்க்கணும். அதுக்கப்புறமும் பார்க்கணும்."

ரம்யா அதோடு விடவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்து, குழந்தையின் தலைமாட்டில் படாரென்று கைதட்டினாள். குழந்தை தூக்கிவாரிப்போட்டு அலறியது. வார்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அந்த அழுகை கேட்கவில்லை, ஆனால் அழுகிற வாயைக் கண்டு அவ்வளவு சந்தோஷம். சுகந்தியைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது, நான் கண்ணாடி போடுவதில்லை.

மாமியார் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அவர் போகும் வரை பொறுத்திருந்த செல்வி தங்கையின் பக்கம் திரும்பினாள். தங்கையைவிடக் குள்ளம், ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"சொல்றதுதான் சொன்ன, கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதா?" என்றாள். "சத்தம் கேக்கலைன்னு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். அவ மாமியாரு பக்கத்துலயேதான் நின்னுச்சு. நம்ம அம்மாளச் சொன்ன, என்னயச் சொன்ன, எம்புள்ளயச் சொன்ன. இனி அவ அந்த ஊட்டுல எப்பிடித் தலையெடுத்து நிப்பா? மெதுவாச் சொல்லியிருக்கலாமில்ல மல்லி?"

மல்லிகா குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு யாரும் சத்தமாச் சொல்லலையேக்கா" என்றாள்.

செல்வி, கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த ரம்யாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையைத் துணியோடு சேர்த்து எடுத்து, தங்கையின் கையில் கொடுத்தாள்.